பத்திரிகைகளுக்கு மட்டும்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூலை மாதம், கோயமுத்தூரில் எனக்கு நடந்தது இது. ஆட்களின் பெயரையும் அலுவலகங்களின் முழுப் பெயரையும் எழுதவில்லை. அவர்களில் பலர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்கள். எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் எனக்கு மனசு அடங்கும். அதனால் விஷயம் எப்படி ஆரம்பித்தது என்பதை எண் போட்டே சொல்லிவிடுகிறேன்.

1. தொண்ணூற்று ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். அரசு வேலைக்காக வேலைவாய்ப்புப் பதிவு செய்துகொண்டேன்.

2. அந்தப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நான் புதுப்பிக்கவில்லை. தேதியை மறக்கக் கூடாது என்று டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். வருஷம் பிறந்ததும் கம்பெனியில் புது டைரி கொடுத்தார்கள். பழைய டைரியில் இருந்த எல்லாவற்றையும் புதியதில் எழுதிக்கொண்டேன், கடைசிப் பக்கத்தைத் தவிர.

3. பதிவு காலாவதியாகிவிட்டது. திரும்பப் பதியலாம். ஆனால் பழைய சீனியாரிட்டி போய்விடும். நேற்றுப் படிப்பை முடித்தவர்களோடு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான்.

4. எனக்கு ஒரு வருஷம் முன்னால் பதிந்தவர்களுக்கு, அரசுப் பாலிடெக்னிக்குகளில் லேப் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வர ஆரம்பித்திருந்தது. அடுத்து எங்கள் வருஷம்.

5. ஒரு திங்கட்கிழமை காலையில் பேப்பரில் ஐந்து வரிச் செய்தி வந்தது. பதிவைப் புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு அரசு சலுகை அளிக்கிறது. பழைய சீனியாரிட்டியோடு புதுப்பித்துக்கொள்ளலாம்.

6. அதில் கடைசித் தேதி இல்லை. பக்கத்து வீட்டில் வேறு பேப்பர் வாங்குவார்கள். அதில் கடைசித் தேதி பதினைந்து என்று இருந்தது. கம்பெனியில் வாங்கும் பேப்பரில் மாதக் கடைசி என்று இருந்தது. ஒன்று ‘சென்ற ஆண்டு தவறியவர்களுக்கு’ என்றது. இன்னொன்று ‘இரண்டு ஆண்டுகளில் தவறியவர்களுக்கு’ என்றது.

7. அன்று தேதி எட்டு.

இவ்வளவுதான் ஆரம்பம். மிச்சத்தை எண் போட்டுச் சொல்ல முடியாது. அடுத்த ஒரு வாரம் எந்த வரிசைக்கும் அடங்கவில்லை.

அப்போது நான் கணபதிப் பகுதியில் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டெபிலைசர் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். அப்பா பல வருஷம் தோட்டத்து வேலைக்குப் போய், பிறகு இரும்பு வார்க்கும் பவுண்டரியில் சேர்ந்தவர். வீட்டில் பத்தாவதைத் தாண்டியதே நான்தான். கம்பெனி எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. அரசு வேலைக்கான அந்த வரிசையில் எனக்கு ஐந்து வருஷத்து இடம் இருந்தது. அது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், திரும்பக் கிடைக்கும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, எங்கள் வீடிருக்கும் துடியலூரிலிருந்து பஸ் பிடித்து வேலைவாய்ப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். மூன்று பேப்பர் துண்டுகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் அவற்றைத் தொடக்கூட இல்லை.

“ஆர்டர் வரலீங்க.”

“அரசு அறிவிச்சிருக்குதுன்னு போட்டிருக்குதுங்களே.”

“பேப்பர்ல போட்டிருக்குதுங்க. எங்களுக்கு வரோணுமல்லங்க. பேப்பர்ல வர்றதுக்கெல்லாம் சீல் குத்துனா, நாளைக்கு ராசிபலனுக்கும் நான் சீல் குத்தோணும்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்போது வரும் என்று கேட்டேன். வருகிறபோது வரும் என்றார். பதினைந்தாம் தேதிக்குள் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“வரலீன்னா வரலீங்க. நீங்க நம்பராவது கொண்டாங்க அம்மணி. என்ன நம்பர், என்ன தேதின்னு தெரிஞ்சா மேல போன் போட்டுக் கேப்பேன். சும்மா போய் ‘பேப்பர்ல பாத்தனுங்க’ன்னு நான் கேக்க முடியுங்களா?”

அது நியாயமாகத்தான் பட்டது. அறிவிப்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு மூலக் காகிதம் இருக்கும். அதில் எண் இருக்கும், தேதி இருக்கும். மூன்று பேப்பரும் அதிலிருந்துதான் எடுத்திருப்பார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை இன்னொரு அரை நாள் லீவு. அரசு அறிவிப்புகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவதற்கென்றே ஒரு செய்தி அலுவலகம் உண்டு. அங்கே போனேன். வராண்டாவில் கண்ணாடி போட்ட ஒரு அறிவிப்புப் பலகை. உள்ளே கண் தானம் பற்றிய ஒரு தாள், வெயிலில் வெளுத்து, ஒரு மூலை மடங்கிக் கிடந்தது. பலகைக்குப் பூட்டு போட்டிருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாதாம். அதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உள்ளே மேசையில் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இருந்தார். மிகவும் மரியாதையானவர். உட்காரச் சொன்னார்.

“நீங்க எந்தப் பத்திரிகைங்க?”

“பத்திரிகை இல்லீங்க. துடியலூருங்க.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அது வந்துருக்குதுங்க. நான்தான் அனுப்புனேன். ஆனா அது பத்திரிகைகளுக்கு மட்டுந்தாங்க அம்மணி.”

“பத்திரிகைக்கு எதுக்குங்க தர்றீங்க?”

“பொதுமக்களுக்குத் தெரியோணுமல்லங்க.”

“நான் பொதுமக்கள்தானுங்க.”

“அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க பேப்பர்ல பாத்துக்கோணும்.”

“மூணு பேப்பர்ல மூணு மாதிரி இருக்குதுங்களே.”

“அப்ப மூணையும் சேத்து வெச்சுப் படிங்க.”

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே யோசனை சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இது ரகசியமா என்று கேட்டேன். ரகசியமெல்லாம் ஒன்றுமில்லை, ஊருக்கே தெரிந்த விஷயம்தானே என்றார். அப்படியானால் ஒரே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன் என்றேன். காட்டவும் அனுமதி இல்லை என்றார்.

அவருக்குப் பின்னால் சுவரில் மரத்தால் செய்த தபால் அறைகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பத்திரிகையின் பெயர். ஃபேக்ஸ் இல்லாத சின்னப் பத்திரிகைக்காரர்கள் நேரில் வந்து அவரவர் அறையிலிருந்து தாள்களை எடுத்துக்கொண்டு போவார்களாம். எல்லா அறைகளும் காலியாக இருந்தன. ஒன்றில் மட்டும் தாள்கள் வாய் வரை அடைத்துக்கொண்டு நின்றன. மேலே தூசி.

“அதை மட்டும் ஏனுங்க யாரும் எடுக்கலை?”

“அந்த வாரப் பத்திரிகை நின்னு ரெண்டு வருஷம் ஆச்சுங்க.”

“நின்னுபோன பத்திரிகைக்கு இன்னும் போடறீங்களா?”

“லிஸ்ட்ல பேரு இருக்குதல்லங்க.”

“அப்ப அதுல மேல இருக்கறதை எனக்குத் தாங்க. அவங்கதான் வரப்போறதில்லையே.”

அவர் திரும்பி அந்த அறையைப் பார்த்தார். ஒரு கணம் தந்துவிடுவார் என்றே நினைத்தேன். “அது அவங்களுதுங்க” என்றார்.

லிஸ்ட் என்று சொன்ன பிறகு அந்தத் தாளை நானும் விட்டுவிட்டேன். நானும் லிஸ்டில் இருப்பதை அப்படியே செய்கிறவள்தான். மேலிடத்தில் போன் போட்டாவது கேட்கக் கூடாதா என்று கடைசியாகக் கெஞ்சினேன். மேசை மேலிருந்த போனைக் கையால் காட்டினார். செத்து நாலு நாள் ஆயிற்றாம். ஃபேக்ஸுக்கு வேறு லைன், அதை மற்றதற்குத் தொடக் கூடாதாம். சுவரைப் பார்த்தேன். எலி கடித்த வயர் பெட்டியிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி வயரைச் சீவி முடுக்கினால் ஐந்து நிமிஷ வேலை. என் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். சரி செய்து தரட்டுமா என்று கேட்டேன்.

“ஐயோ வேண்டாமுங்க. அது டெலிபோன்காரங்க வேலை. நாம தொடக் கூடாது.”

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, வந்த பஸ்ஸில் ஏறாமல் விட்டுவிட்டேன். கோபத்தில்தான்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல், அந்த மூன்று பேப்பர்களில் ஒன்றின் அலுவலகத்துக்குப் போனேன். ஐந்து வரி மட்டும் போட்ட பேப்பர் அது. செய்தி பார்ப்பவர் ஒரு இளைஞர். நான் சொன்னதும் முதலில் மன்னிப்புக் கேட்டார். “முழுசாத்தான் எழுதுனனுங்க. கடைசி நேரத்துல ஒரு மிக்ஸி விளம்பரம் வந்துபோட்டுது. கீழ இருந்து வெட்டிப்போட்டாங்க” என்றார். கடைசித் தேதி கீழேதான் இருந்திருக்கிறது. மேசையில் ஒரு இரும்புக் கம்பியில் பழைய தாள்கள் குத்தி வைத்திருந்தன. ஒவ்வொன்றாக உருவினார். பாதிக்குக் கீழே அது கிடைத்தது. ஃபேக்ஸில் வந்த ஒரே தாள், நடுவில் கம்பி குத்திய ஓட்டை.

“எடுத்துக்குங்க. நாளைக்குப் பழைய பேப்பருக்குப் போறதுதானுங்க.”

பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். முழுதும் ஒரு பக்கம்தான். எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தார்கள் தெரியுமா? இரண்டு ஆண்டுகளில் தவறியவர்கள் எல்லோருக்கும் சலுகை உண்டு. நேரில் வருகிறவர்களுக்குக் கடைசி நாள் பதினைந்து. பதிவுத் தபாலில் அனுப்புகிறவர்களுக்கு மாதக் கடைசி. வெள்ளைத் தாளில் எழுதி, பழைய அட்டையின் நகலை வைத்தால் போதும். மூன்று பேப்பரிலும் வந்தது சரிதான். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டிருந்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் நானும் வருகிறேன் என்று தெரிந்ததும், கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நானே சிரித்துக்கொண்டேன். மேலே எண்ணும் இருந்தது. கவுன்ட்டர்காரர் கேட்ட எண். அதைக் குறித்துக்கொள்ளவில்லை. தாளே கையில் இருக்கும்போது எதற்குக் குறிக்க வேண்டும்?

இனி நடந்ததற்கு யாரையும் சொல்வதற்கில்லை.

ஃபேக்ஸ் தாள் சுருண்டு சுருண்டு கொள்ளும். ஓட்டை வேறு. அன்று சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாளைக் கசங்காமல் கவுன்ட்டரில் காட்ட வேண்டும் என்று ஒரு சின்னப் பட்டியல் போட்டேன். ஒன்று, லேமினேஷன். இரண்டு, அதிலிருந்து மூன்று ஜெராக்ஸ். எங்கள் வீட்டில் எது முக்கியமான காகிதமோ அதை லேமினேஷன் செய்துவிடுவது வழக்கம். என் மார்க் ஷீட், அப்பாவின் பவுண்டரி அடையாளச் சீட்டு, ரேஷன் கார்டின் முன் பக்கம், எல்லாமே பிளாஸ்டிக்கில்தான் இருக்கின்றன. பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் இரண்டும் செய்வார்கள். பட்டியலில் இருந்த வரிசையிலேயே சொன்னேன். கடைக்காரரும் சொன்ன வரிசையிலேயே செய்தார்.

ஃபேக்ஸ் தாளில் மை கிடையாது. சூடு பட்ட இடம் கறுக்கும், அதுதான் எழுத்து. இதைப் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். லேமினேஷன் மெஷின் என்பது இரண்டு சூடான உருளைகள். அதுவும் எனக்குத் தெரியும். இந்த இரண்டும் என் தலைக்குள் வேறு வேறு அறைகளில் இருந்தன போலிருக்கிறது.

தாள் மெஷினுக்குள் வெள்ளையாகப் போனது. அந்தப் பக்கம் கறுப்பாக வந்தது. ஓரத்தில் ஒரு விரல் அகலம்கூட மிச்சமில்லை. கடைக்காரர் இதுவரை ஃபேக்ஸ் தாளையே பார்த்ததில்லை. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, சிலேட்டாட்ட ஆயிருச்சுங்களே.” பிறகு மிகவும் தயங்கி, “ஜெராக்ஸ் மூணும் எடுக்கோணுங்களா?” என்று கேட்டார்.

இரண்டு நாளாக ஊரில் எல்லோர் மேலும் வந்த கோபம் மொத்தமும் அப்போது என் மேலேயே திரும்பியது. வீட்டில் அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மொகம் பாத்துத் தலை சீவிக்கலாம் கண்ணு, நல்லாப் பளபளன்னு இருக்குது” என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனியிலிருந்தே மற்ற இரண்டு பேப்பர்களுக்கும் போன் செய்தேன். ஒன்றில் பழைய தாள்களை முந்தின நாள்தான் எடைக்குப் போட்டார்களாம். இன்னொன்றில் யாரும் எடுக்கவே இல்லை. எண்ணில் நடுவில் ஒரு சாய்கோடு இருந்தது என்பது மட்டும் எனக்கு நினைவிருந்தது. அதை வைத்து யார் என்ன செய்வார்கள்? தபாலில் அனுப்ப மாதக் கடைசி வரை நாள் இருந்தது, உண்மைதான். ஆனால் ஆர்டர் வரவில்லை என்று நேரில் வருகிறவரையே திருப்பி அனுப்பும் இடத்தில், தபாலை யார் பிரித்து என்ன செய்வார்கள் என்ற பயமும் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பவும் செய்தி அலுவலகத்தில் போய் நின்றேன். கறுப்புத் தாளை மேசை மேல் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

“ஃபேக்ஸ் பேப்பருக்குச் சூடு ஆகாதுங்களே.”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சுமா லேமினேஷனுக்குக் குடுத்தீங்க?”

“தெரிஞ்சும்தானுங்க.”

அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமையோடு நேரில் கொடுக்கும் நாள் முடிகிறது என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் பேனாவை மூடியும் திறந்தும் இருந்தார். பிறகு பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். உடனே அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“இதைத் தரவும் கூடாதுங்க, காட்டவும் கூடாதுங்க. நீங்க போய் அந்த பெஞ்சுல உக்காருங்க.”

எழுந்து போய்க் கதவை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான், போகச் சொல்லாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்போது அவர், பொதுவாக அறைக்குச் சொல்வது போல, “பொள்ளாச்சியில ஒரு சின்னப் பத்திரிகை இருக்குதுங்க. ஃபேக்ஸும் கெடையாது, வந்து எடுக்கவும் ஆளில்லை. போன்லதான் படிச்சுச் சொல்லோணும். அது என்ற வேலைங்க” என்றார். போனை எடுத்துக் காதில் வைத்தார்.

“ஹலோ, பொள்ளாச்சிங்களா? எழுதிக்குங்க. செய்தி வெளியீடு எண்...”

போனைச் சரி செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். தற்செயலாகச் சுவரைப் பார்த்தேன். வயர் புதன்கிழமை தொங்கிய மாதிரியே பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பொள்ளாச்சியும் இல்லை, யாருமே இல்லை.

அவசரமாக நோட்டை எடுத்தேன்.

ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். எண்ணை இரண்டு முறை சொன்னார். சாய்கோடு எங்கே வருகிறது என்றுகூடச் சொன்னார். நடுவில், “வேகமா இருக்குதுங்களா? சரீங்க, மெதுவாவே படிக்கிறேன்” என்று போனிடம் சொல்லிவிட்டு நிறுத்தினார். என் பேனா நின்ற பிறகுதான் அடுத்த வரிக்குப் போனார். உள் அறையிலிருந்து அதிகாரியின் குரல் கேட்டது.

“யாருய்யா லைன்ல?”

“பொள்ளாச்சிங்க சார்.”

“லைன் வந்துருச்சா?”

“கரகரன்னு இருக்குதுங்க சார். கத்தித்தான் படிக்கோணும்.”

அதற்குப் பிறகு இன்னும் சத்தமாக வாசித்தார். முடிந்ததும் என் பக்கம் பார்க்காமலே, “திரும்ப ஒருக்கா படிக்கட்டுங்களா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். முதலிலிருந்து திரும்பவும் வாசித்தார். ஒரு சொல்கூட விட்டுப்போகாமல் சரிபார்த்துக்கொண்டேன்.

போனை வைத்ததும் எழுந்து போய் நன்றி சொன்னேன்.

“எதுக்குங்க? நான் பொள்ளாச்சிக்குப் பேசுனேன்” என்றார். ஃபைலைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்தச் சாவி மட்டும் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

அங்கிருந்து வெளியே வந்தபோது எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும் என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் சொல்கிறார்கள். வரவில்லை. முதலில் எரிச்சல்தான் வந்தது. ஊருக்கெல்லாம் தெரிய வேண்டும் என்று அரசாங்கம் ஒரு காகிதத்தை எழுதுகிறது. ஊரில் இருக்கும் ஒருத்திக்கு அதைத் தெரியப்படுத்த, வயதில் மூத்த ஒரு மனிதர் செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் கத்த வேண்டியிருக்கிறது. அவர் நல்லவர் என்பதால் எனக்குக் கிடைத்தது. அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்திருந்தால்?

சனிக்கிழமை காலை, விண்ணப்பத்தில் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் அந்த அறிவிப்பைக் கார்பன் வைத்து எழுதினேன். முதல் வேலையாக எண்ணை டைரியிலும், காலண்டரிலும், உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பதினைந்தாம் தேதி. பதிவு அலுவலகத்தில் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. அன்றுதான் கடைசி நாள் என்று ஒரு பேப்பரில் படித்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். கவுன்ட்டர்காரர் ஆள் மாற்றி ஆளிடம் ஆர்டர் வரவில்லை என்று சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப்போயிருந்தார். என் முறை வந்ததும் நான் எழுதிய தாளை நீட்டினேன்.

“கையெழுத்து உங்களுதுங்களா?”

“ஆமாங்க.”

“நல்லா இருக்குதுங்க. சீல் எங்க?”

“நம்பர் இருந்தாப் போதும்னு சொன்னீங்கல்லங்க.”

“அன்னிக்குக் கூட்டமில்லீங்க. இன்னிக்கு நான் போனுக்கு எந்திரிச்சா இந்தச் சனம் என்னைய உடுமா? அக்கட்டால நில்லுங்க. அடுத்த ஆளு வாங்க.”

அக்கட்டால என்றால் அந்தப் பக்கம்; அந்தப் பக்கம் இருந்தது, அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடைதான். அங்கே போய் நின்றேன். மேட்டுப்பாளையத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்ததாகச் சொன்ன ஒரு பெண், குடையை மடக்கியபடி பக்கத்தில் வந்தாள்.

“ஏனுங்க, அந்தத் தாள்ல என்னங்க போட்டிருக்குது? எனக்கும் சொல்லுங்க.”

கார்பன் பிரதி ஒன்றைக் கொடுத்தேன். அவளிடமிருந்து இன்னொருவர் வாங்கினார். ஐந்து நிமிஷத்தில் என்னிடமிருந்த பிரதிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. இன்னும் இருபது பேருக்கு மேல் கையில் பேனாவோடு நின்றார்கள். வேறு வழியில்லாமல், என் நோட்டைப் பிரித்து, டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி வாசிக்க ஆரம்பித்தேன்.

“சித்தெ மெதுவாப் படிங்க அம்மணி. நாங்க டைப்ரைட்டிங்தான் பாஸ். ஷார்ட்ஹேண்ட் இல்லீங்க” என்றார் ஒருவர்.

முதலிலிருந்து மெதுவாக வாசித்தேன். நேரில் தர இன்று கடைசி, தபாலில் அனுப்ப மாதக் கடைசி என்ற வரி வந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. திரும்பவும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார்கள். அப்படி வாசித்துக்கொண்டிருக்கும்போது பதினோரு மணி. கூட்டத்தின் பின்னால், கையில் டீ கிளாஸோடு, கவுன்ட்டர்காரர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. கிளாஸைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார்.

“எங்களுக்கே இன்னும் வரலீங்க அம்மணி” என்றார் தணிந்த குரலில். “அந்த நம்பரை மட்டும் ஒருக்காச் சொல்லுங்க.”

சொன்னேன். நோட்டைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

அரசாங்கத்தின் அறிவிப்பு அரசாங்கத்தின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான், ஒரு டீக்கடை வழியாக, பஸ் டிக்கெட்டின் முதுகில் ஏறி. அவர் உள்ளே போய்ப் போனைச் சுற்ற ஆரம்பித்தார். பன்னிரண்டரை மணிக்கு வெளியே வந்தார்.

“நம்பரைச் சொன்னதும் எடுத்துப்போட்டாங்க. இருக்குதாமுங்க. எல்லாரும் வரிசையில நில்லுங்க. தள்ளக் கூடாது.”

இத்தனை நாளும் மேலிடத்தில் இருந்ததுதானே என்று யாரும் சொல்லிக்காட்டவில்லை. எல்லோரும் ஓடிப் போய் நின்றார்கள். என் விண்ணப்பத்தில் சீல் விழுந்தபோது மணி மூன்றரை. என் சீனியாரிட்டி தொண்ணூற்று ஒன்று என்று அட்டையில் பழையபடி எழுதிக் கொடுத்தார். அலுவலகம் ஐந்தே முக்காலுக்குப் பூட்டும் வரை வரிசை இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். காலையிலேயே ஆர்டர் வரவில்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டு, டீக்கடைப் பக்கம் வராமல் நேராகப் பஸ் ஏறி ஊருக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அவர்களில் மாதக் கடைசி வரை தபாலில் அனுப்பலாம் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரியவில்லை. அவர்களை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

இப்போதைய நிலவரம் இது. என் பதிவு உயிரோடு இருக்கிறது, புதுப்பிக்கும் தேதி தவறவில்லை. ஒரு இன்டர்வியூ கார்டு வந்தது, போய் வந்தேன், முடிவு இன்னும் வரவில்லை. பத்திரிகைகளுக்கு அனுப்பும் ஒவ்வொரு அறிவிப்பிலும் ஒரு பிரதியை வெளியே உள்ள பலகையில் ஒட்ட வேண்டும் என்று செய்தி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று ஒரு கார்டு வந்தது. அந்த மேசைக்காரருக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் என்று எழுதிய ஒரு காகிதத்தைப் படிப்பதற்கு ஒருவருக்கு நான் கடமைப்பட வேண்டியிருந்ததே என்ற எரிச்சல் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.